பரண் மேல் கிடக்கும் டிஸ்கோ

டிஸ்கோ என்றதும் நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். பெல்பாட்டம், மின்னுகிற சட்டை, தலைக்கு மேல் சுற்றும் கண்ணாடி உருண்டை, ‘டும் டும் டும்’ என்று ஒரே அடி. அதெல்லாம் இசையா, வெறும் கூச்சல் என்று அன்றே தீர்ப்பு எழுதிவிட்டோம். வீட்டில் பழைய இசைத்தட்டுகள் இருந்தால் பாகவதர் தட்டையும் எம்.எஸ். தட்டையும் துணி சுற்றிப் பத்திரமாக வைக்கிறோம். 1980-ஐ ஒட்டி வந்த ஆட்டப்பாட்டுத் தட்டுகளை மட்டும் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுகிறோம். இது சரியில்லை என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். டிஸ்கோ என்பது அமெரிக்கச் சொல் என்று நினைக்கிறோம். அது பிரெஞ்சுச் சொல். காரைக்காலில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். ‘பிப்லியோதேக்’ என்றால் நூலகம். அதே அச்சில் வார்த்த சொல்தான் ‘திஸ்கோதேக்’. ‘திஸ்க்’ என்றால் இசைத்தட்டு. ஆக, திஸ்கோதேக் என்றால் இசைத்தட்டுகள் சேர்த்து வைத்திருக்கும் இடம். வாத்தியக்காரர்களை அழைக்காமல் தட்டை மட்டும் போட்டு ஆடவைக்கும் கூடத்துக்கு அந்தப் பெயர் பிற்பாடுதான் ஒட்டிக்கொண்டது. ஆட்டம் பிறகு வந்தது. சேமிப்பு முதலில் வந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அந்தக் கணக்கில் பார்த்தால் நம் பக்கத்து டிஸ்கோ எது? என்னைக் கேட்டால், ரேடியோ செட் கடைதான். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கந்தூரி, கட்சிக் கூட்டம் எதுவானாலும் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, ஒரு மர மேசை மேல் தட்டு மெஷினை வைத்து உட்கார்ந்திருப்பாரே, அவரைச் சொல்கிறேன். விடியற்காலை சீர்காழியின் பிள்ளையார் பாட்டு, கந்தூரி என்றால் நாகூர் ஹனிபா, மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்று, பந்திக்கு ஒன்று, கூட்டம் சோர்ந்தால் ஒரு துள்ளல் பாட்டு. எந்த நேரத்துக்கு எந்தத் தட்டு என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத் தட்டை மாற்றுவார். இன்று அதற்கு டி.ஜே. என்று பெயர், ஒரு ராத்திரிக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

தட்டு போட்டு ஆடுவதும் நமக்குப் புதிதில்லை. திருவிழாக்களில் ‘ரெக்கார்டு டான்ஸ்’ என்று நடக்கும். ஆபாசம், கலாசாரச் சீரழிவு என்று புகார் போகும், போலீஸ் வந்து நிறுத்தும். நியூயார்க்கிலும் அதே கதைதான். 1970-இல் டேவிட் மான்குசோ என்பவர் தன் சொந்த இடத்தில் நண்பர்களைக் கூட்டித் தட்டு போட்டு விடிய விடிய ஆடவைத்தார். ‘தி லாஃப்ட்’ என்று அந்த இடத்துக்குப் பெயர். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், ஓரினச் சேர்க்கையாளர்கள். வேறு எங்கே ஆடினாலும் வசவும் அடியும் கிடைத்த ஜனங்கள். அவர்களுக்குக் கிடைத்த நான்கு சுவர்தான் டிஸ்கோ. 1977-இல் ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படம் வந்த பிறகே அது பணக்கார ஆட்டமானது. நாம் பார்த்தது அந்தப் பிற்பகுதியை மட்டும்தான்.

எரிச்சல் அங்கேயும் இருந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் ஒரு கூத்து நடந்தது. டிஸ்கோ தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட். வந்து சேர்ந்த தட்டுகளை மைதானத்தின் நடுவில் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் உள்ளே பாய்ந்து களேபரமாகி, அடுத்த ஆட்டமே நடக்க முடியாமல் போனது. அத்தோடு டிஸ்கோ செத்தது என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அதே சிகாகோவில், ‘வேர்ஹவுஸ்’ என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பவர் அந்தப் பழைய தட்டுகளையே வைத்துக்கொண்டு, டேப்பை வெட்டி ஒட்டி நீட்டி, கூடவே ஒரு தாளப்பெட்டியை ஓடவிட்டு ஆடவைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கிளப்பின் பெயரிலிருந்து வந்ததுதான் ‘ஹவுஸ்’ இசை. வேண்டாம் என்று வெடிவைத்த ஊரிலேயே, தட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்களால் ஓர் இசை பிறந்தது. தட்டு சேர்ப்பவர்களைப் பைத்தியம் என்று சொல்வோர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி நம் ஊருக்கும் இதற்கும் உள்ள தொடர்பு. மேல்நாட்டு இசை நம் கடற்கரைக்கு மூன்று வழியில் வந்தது. ஒன்று, இலங்கை வானொலி. மதராஸ் வானொலியைவிடத் தெளிவாக நமக்குக் கேட்டது அதுதான். ஏ.ஈ. மனோகரனின் சுராங்கனி நம் தெருக்களில் புகுந்தபோதே பைலா தாளத்துக்குக் கால் ஆடப் பழகிவிட்டது. இரண்டு, கப்பல். 1984-இல் தீப்பிடித்து நிற்கும்வரை எம்.வி. சிதம்பரம் நாகப்பட்டினத்துக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்தது. சபுராளிகள் கொண்டுவந்த பெட்டியில் கைலிக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே ‘போனி எம்’ தட்டு இருக்கும். மூன்று, பிரான்சு. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களும் சொல்தா குடும்பங்களும் விடுமுறைக்கு வரும்போது கூடவே பாரிசுத் தட்டுகளும் வந்தன.

பாரிசுத் தட்டு என்றால் லேசாக எண்ண வேண்டாம். டிஸ்கோவில் பிரெஞ்சுக்காரர்களின் கை பெரிது. அமெரிக்கக் குழு என்று உலகமே நினைக்கும் ‘வில்லேஜ் பீப்பிள்’ குழுவை உருவாக்கியவர்கள் ழாக் மொராலி, ஆன்றி பெலோலோ என்ற பிரான்சிலிருந்து வந்த இருவர். செர்ரோன் என்ற டிரம்ஸ்காரர் 1977-இல் போட்ட ‘சூப்பர்நேச்சர்’ இன்றும் சேகரிப்பாளர்கள் தேடும் தட்டு. பிறகு 1990-களில் ‘டாஃப்ட் பங்க்’ போன்ற பாரிசுப் பையன்கள் தங்கள் அப்பா காலத்து டிஸ்கோத் தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்துத்தான் புது ஹவுஸ் இசை செய்தார்கள்.

இன்னொரு சங்கிலி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. பிரான்சில் ‘ஒத்தவான்’ என்று ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பாடிய ஜோடி இருந்தது. இருவரும் கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக், குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவுகளைச் சேர்ந்தவர்கள். 1853 முதல் முப்பது வருடங்களுக்கு மேல் நம் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பலேற்றிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பினார்களே, அதே தீவுகள். குவாதலூப்புக்கு மட்டும் இந்தியாவிலிருந்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அந்த ஒத்தவான் ஜோடியின் ஒரு பாட்டை மெட்டுக்கு வைத்துக்கொண்டு பப்பி லஹரி 1982-இல் ‘டிஸ்கோ டான்சர்’ படத்துக்கு ‘ஜிம்மி’ பாட்டைப் போட்டார். அந்தப் படம் 1985-இல் ஆனந்த் பாபு நடித்து ‘பாடும் வானம்பாடி’ என்று தமிழில் வந்தது. 2007-இல் லண்டனில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ. அந்த இந்திப் பாட்டையே எடுத்துத் தன் பாணியில் பாடினார். தீவிலிருந்து பாரிசு, பாரிசிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து கோடம்பாக்கம், மறுபடி லண்டன். இதை வெறும் ‘காப்பி’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முடியுமா? காப்பி அடித்தார்கள் என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கப்பலேறிப் போன ஜனங்களின் பாதையில் பாட்டும் போய் வந்திருக்கிறது என்பதும் உண்மை.

அடுத்து ‘ஒரே அடி’ என்ற குற்றச்சாட்டு. தவில் கேட்டு வளர்ந்த தஞ்சை ஜில்லாக் காது நமக்கு. டிஸ்கோவின் தாளம் நம் கணக்குக்கு முன் எளிதுதான். நான்கு எண்ணிக்கை, நான்கிலும் பெரிய டிரம் விழும். அந்த அடி ரசிகனின் காதுக்குப் போடுவது இல்லை, ஆடுகிறவன் காலுக்குப் போடுவது. அது தரை மாதிரி. தரை சமமாக இருந்தால்தான் மேலே ஆட முடியும். வேலையெல்லாம் மேலேதான் நடக்கிறது: இரண்டு அடிக்கு நடுவே தாளத்தட்டு ‘ச்சிக்’ என்று தெறிக்கும், பாஸ் கிதார் எட்டுக்கட்டையில் ஏறி இறங்கும், வயலின்கள் வந்து போகும். டிஸ்கோவுக்கு அண்ணன் ‘ஃபங்க்’. அதில் ஜேம்ஸ் பிரவுன் பிடிவாதமாகக் கேட்டது ஒன்றே ஒன்று: முதல் எண்ணிக்கையில் எல்லோரும் ஒன்றாக இறங்க வேண்டும். நம் பாஷையில் சொன்னால் சமம். சமத்தில் விழுந்துவிட்டு நடுவில் எங்கே வேண்டுமானாலும் போய்வா என்பதுதான் ஃபங்க். தனி ஆவர்த்தனம் ரசிக்கத் தெரிந்தவருக்கு இது புரியாமல் போகாது.

ஆட்டப்பாட்டு என்றாலே தாழ்வு என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று சொல்வேன். மாங்கனி வீசி நாம் கொண்டாடும் நம் ஊர் அம்மையார் எதைப் பாடினார்? ஈசன் சுடுகாட்டில் ஆடும் ஆட்டத்தை. திருவாலங்காட்டுப் பதிகத்தில் தக்கை, தமருகம், குடமுழா, மொந்தை என்று கொட்டு வாத்தியங்களை வரிசையாக அடுக்குகிறார். பேய்களோடு சேர்ந்து தானும் ஒரு பேயாக நின்று அந்த ஆட்டத்தைப் பார்க்கிறார். டிஸ்கோவை அதற்கு ஒப்பிட நான் துணியவில்லை. கொட்டையும் ஆட்டத்தையும் கீழாகப் பார்க்கிற வழக்கம் நம் ஊர் வழக்கமில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

ராகம் இல்லையே என்பார்கள். 1982-இல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா வாத்தியக்காரர், ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகளை வைத்துக்கொண்டு தனி ஆளாக உட்கார்ந்தார். ஒன்று சிந்தசைசர், ஒன்று 808 என்ற தாளப்பெட்டி, ஒன்று 303 என்ற சின்ன பாஸ் பெட்டி. பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து எச்.எம்.வி.க்கு ஒரு எல்.பி. கொடுத்தார். மால்கௌன்ஸ், பூபாலி, யமன், கலாவதி எல்லாம் அதில் உண்டு. நம் காதுக்கு முறையே இந்தோளம், மோகனம், கல்யாணி, வலஜி. 303 பெட்டியில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும் வசதி இருந்தது. கிதார்காரர்களின் துணைக்கென்று செய்த பெட்டி அது. அவர்கள் சீண்டவில்லை, கம்பெனியும் சீக்கிரமே நிறுத்திவிட்டது. சரண்ஜித் சிங்குக்கோ அந்த வழுக்கல் ராகத்துக்கு வாகாக இருந்தது. தட்டு விற்கவில்லை. ஐந்து வருடம் கழித்து, 1987-இல், சிகாகோவில் அதே 303 பெட்டியை முறுக்கி ‘ஆசிட் ஹவுஸ்’ என்று ஒரு புது இசையே கிளப்பினார்கள். டில்லியில் 2002-இல் ஒரு டச்சுக்காரர் கையில் சரண்ஜித் சிங்கின் பழைய தட்டு கிடைத்தது. 2010-இல் அவர் மறுபதிப்பு போட்டார். எழுபது வயதில் அந்த மனிதர் ஐரோப்பாவில் மேடை ஏறினார். 2015-இல் காலமானார்.

இதைச் சொல்லி ‘ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்ததே இந்தியன்தான்’ என்று மார்தட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சிகாகோக்காரர்கள் அந்தத் தட்டைக் கேட்டதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஒரே பெட்டி, இரண்டு ஊர், இரண்டு பேருக்கு ஒரே மாதிரி யோசனை, அவ்வளவுதான். அதுவே போதுமான பெருமை. எல்லாவற்றையும் நாம்தான் முதலில் செய்தோம் என்று சொல்வதும், நம்முடையது ஒன்றுமே இல்லை என்று எடைக்குப் போடுவதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு பக்கம். இரண்டிலும் உட்கார்ந்து கேட்கிற வேலை இல்லை.

தமிழுக்கு வருவோம். 1978-இல் ‘ப்ரியா’ வந்தது. தமிழில் ஸ்டீரியோவில் பாட்டுப் பதிவான முதல் படம் என்று பெயர் எடுத்தது. 1979-இல் எம்.எஸ்.வி. ‘நினைத்தாலே இனிக்கும்’ போட்டார். ஐம்பது வயதில் அந்த மனிதர் இருபது வயதுப் பையன்களுக்கு இணையாக இறங்கி அடித்தார். 1984-இல் ‘எனக்குள் ஒருவன்’ படத்தில் கமல் ஆடிய மேகப் பாட்டின் பாஸ் கிதாரை நல்ல ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள், பிறகு பேசுவோம். ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ என்ற பக்திப் படத்தில் வந்த ஒரு பாட்டைத்தான் அமெரிக்காவின் ‘பிளாக் ஐட் பீஸ்’ குழு 2003-இல் எடுத்துத் தங்கள் ஆல்பத்தில் சேர்த்துக்கொண்டது. பக்தி எது, ஃபங்க் எது என்று நாம் கட்டிய வேலி இளையராஜாவுக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை.

எனக்கு உள்ள குறை வேறு. அந்தத் தட்டுகளின் உறையைத் திருப்பிப் பாருங்கள். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயர் அநேகமாக இருக்காது. டிரம்ஸ் புருஷோத்தமன், கீபோர்டு விஜி மேனுவல், கிதார் சதானந்தம் என்று இன்று சில பெயர்களைச் சொல்கிறோம் என்றால், அது ரசிகர்கள் விடாமல் கேட்டுக் கேட்டு வெளியே கொண்டுவந்தது. அமெரிக்காவிலும் இதே அநியாயம் உண்டு. ஜேம்ஸ் பிரவுனின் டிரம்ஸ்காரர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு 1970-இல் வெளிவந்த ஒரு தட்டில் வாசித்த சில விநாடித் தாளத்தை, பிற்பாடு ஆயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகளில் வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். அவருக்கு அதில் காசு வந்து சேரவில்லை. ஆனால் அவர் யார் என்று உலகத்துக்குச் சொன்னவர்கள் தட்டு சேர்ப்பவர்கள். சேகரிப்பாளன் செய்யும் பெரிய காரியம் அதுதான். கணக்கில் விட்டுப்போன பெயரை எழுதி வைக்கிறான்.

நம் தட்டுகளுக்கு அந்தக் காரியத்தை இப்போது யார் செய்கிறார்கள்? வெளிநாட்டுக்காரர்கள். இளையராஜாவின் 1977 முதல் 1983 வரையிலான எலக்ட்ரானிக் பாட்டுகளைத் தொகுத்து இங்கிலாந்தில் ‘ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்’ என்ற கம்பெனி எல்.பி.யாகப் போட்டது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நன்றிதான். ஆனால் நம் பரணில் கிடந்ததை நாம் எடைக்குப் போட்டு, அது கைமாறிக் கைமாறிக் கடல் தாண்டி, பிறகு அவர்கள் எழுதும் குறிப்பைப் படித்து நம் கதையை நாம் தெரிந்துகொள்வது என்ன நியாயம்? பாட்டு யூடியூபில் இருக்கிறதே என்று என் பேரன் கேட்கிறான். பாட்டு இருக்கிறது. ஆனால் உறையின் மூலையில் ‘இன்ன சவுண்டு சர்வீஸ், திருநள்ளாறு ரோடு’ என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு இருக்குமே, எந்தப் பாட்டின் பள்ளம் ஊசி பட்டுப் பட்டு வெளுத்திருக்கிறதோ அதுதான் இந்த ஊர் அதிகம் ஆடிய பாட்டு என்று தட்டைப் பார்த்தே சொல்லலாமே, அது யூடியூபில் இல்லை.

ஆகவே சில காரியங்கள் செய்யலாம். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள்; படுத்தால் வளையும். ஓட்டு வீட்டுப் பரண் வெயில் காலத்தில் சட்டியாகக் கொதிக்கும், அங்கிருந்து முதலில் இறக்குங்கள். நம் ஊர்க் கடல்காற்றுக்குப் பூஞ்சை பிடிக்கும். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு விட்டு, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுவில் ஒட்டிய லேபிள் நனையக் கூடாது. பழைய 78 சுற்று அரக்குத் தட்டில் ஸ்பிரிட் மட்டும் படவே கூடாது, கரைந்துவிடும். 78-க்குப் போடும் ஊசியை எல்.பி.யில் வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேல், ஒரு துண்டுச் சீட்டில் இந்தத் தட்டை யார், எங்கே, எப்போது வாங்கினார் என்று எழுதி உறைக்குள் போடுங்கள். நமக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இல்லை.

பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. காரைக்காலில் ஒரு பொது இசைத்தட்டு நூலகம் வேண்டும். பெரிய கட்டடமோ திறப்பு விழாவோ வேண்டாம். ஏதாவது ஒரு நூலகத்தில் இரண்டு அலமாரி, ஒரு நல்ல பிளேயர், ஒரு பதிவேடு, பொறுப்பாக ஒரு ஆள் போதும். முடியாது என்று சொல்பவர்களுக்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரைக் காட்டுவேன். பழைய புத்தகம், நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று ஊரார் குப்பை என்றதை எல்லாம் ஒரு தனி மனிதர் சேர்த்தார். அது 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகி, இன்று தமிழாராய்ச்சி செய்பவர்கள் அங்கே போகாமல் இருக்க முடியாது. அவர் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று பிரித்துக்கொண்டிருக்கவில்லை. பிரித்திருந்தால் அந்த நூலகத்தில் பாதி இருந்திருக்காது.

நம்மிடம் பாகவதரும் இருக்கட்டும், ஹனிபாவும் இருக்கட்டும், போனி எம்மும் இருக்கட்டும், டிஸ்கோ டான்சரும் இருக்கட்டும். எது நிற்கும் என்று நம் பேரப்பிள்ளைகள் கேட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும். கேட்பதற்குத் தட்டு இருக்க வேண்டும், அது மட்டும்தான் நம் பொறுப்பு. உங்கள் வீட்டில் ஒரு பெட்டி இருந்தால், அடுத்த முறை பழைய பேப்பர்காரர் மணி அடிக்கும்போது அதை உள்ளே தள்ளி வையுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொல்லுக்கு அதன் முதல் அர்த்தத்தில் ஒரு திஸ்கோதேக் இந்த ஊரில் வந்துவிட்டால், என்னிடம் இருக்கும் தட்டுகளை முதல் ஆளாகக் கொண்டுவந்து கொடுப்பேன்.